சமாதானம்

தமிழில் 'சமாதானம்' என்ற சொல் மூன்று வேலை செய்கிறது. சண்டை ஓய்ந்தால் சமாதானம். அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினால் அதுவும் சமாதானம். தர்க்க நூல்களில் ஒரு கட்சியின் மேல் ஆட்சேபம் எழுப்பப்பட்டால் அதற்குத் தரப்படும் பதிலுக்கும் சமாதானம் என்றே பெயர். நம் உரைகாரர்கள் தடை, விடை என்பார்கள். இந்த மூன்றாவது பொருள் பேச்சில் தேய்ந்துபோய், தவறு செய்தவனைப் பார்த்து 'இதற்கு என்ன சமாதானம் சொல்லப் போகிறாய்?' என்று கேட்கிற இடத்தில் மட்டும் மிச்சமிருக்கிறது. பதில் என்பது அங்கே சாக்காகிவிட்டது.

அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிறவன் இவற்றில் எதைச் செய்கிறான்? ஒரு சண்டையை நிறுத்துகிறானா, ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்கிறானா, தனக்காகச் சாக்குச் சொல்கிறானா? இதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளாமல் நான் அறுபது வயதுவரை வாழ்ந்துவிட்டேன். குழந்தையின் அழுகை பெண்களின் விஷயம், அல்லது டாக்டர்களின் விஷயம் என்பது என் எண்ணமாக இருந்தது. எண்ணம் என்றுகூடச் சொல்ல முடியாது. எண்ணிப் பார்க்காமல் இருந்ததைத்தான் அப்படிச் சொல்கிறேன்.

2012ல் என் மகள் இரண்டாவது பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பையனுக்கு ஆறாவது வாரம். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பித்தால் நடுராத்திரி தாண்டியும் அழுவான். பால் குடித்தாயிற்று, ஏப்பம் வந்தாயிற்று, துணி மாற்றியாயிற்று. ஜுரம் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஆனால் வீட்டில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி உரம் விழுந்திருக்கிறது என்றாள். எதிர்வீட்டில் கண்ணேறு என்றார்கள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டோம். நெடி வரவில்லை என்பதால் கண்ணேறுதான் என்று முடிவாயிற்று. முடிவான பிறகும் அழுதான். வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுக்கச் சொன்னவர்களும் உண்டு. அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்று ஒரு பெயர். இருட்டிய பிறகு பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் பேர் சொல்லாதது என்று இன்னொரு பெயர். டாக்டர்கள் அதை உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள். என் மகள் கைபேசியில் படித்துப் பார்த்து 'கோலிக்' என்றாள். அந்தச் சொல்லுக்கு அளவுகோல் கொடுத்தவர் வெஸ்ஸல் என்ற அமெரிக்க டாக்டர். ஆண்டு 1954. ஒரு நாளில் மூன்று மணிக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் கோலிக். இது அழுகையை எண்ணுகிறது. ஏன் என்று சொல்லவில்லை. உரம், கண்ணேறு, கோலிக் மூன்றும் குழந்தைக்குச் செய்ததைவிட எங்களுக்குச் செய்ததே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பெயர் கிடைத்ததும் பெரியவர்கள் சமாதானமானோம்.

பிறகு தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவை சில. பிரேஸல்டன் என்ற குழந்தை மருத்துவர் 1962ல் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களின் குறிப்புகளைக் கொண்டு கணக்கெடுத்தார். ஆரோக்கியமான குழந்தைகள். அழுகை வாரத்துக்கு வாரம் ஏறி, ஆறாவது வாரத்தில் உச்சம் தொடுகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 மணி 45 நிமிஷம். பிறகு தானாகவே இறங்குகிறது. இது அமெரிக்க வளர்ப்பின் கோளாறு என்று நினைக்கலாம். ஆனால் ரொனால்டு பார் என்பவரும் அவருடைய சகாக்களும் 1991ல் கலஹாரிப் பாலைவனத்துக் குங் மக்களின் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அங்கே தாய் குழந்தையை உடம்பிலிருந்து இறக்குவதே அபூர்வம். மணிக்குப் பல தடவை பால். சிணுங்கினால் சில வினாடிகளில் கவனிப்பு. அங்கும் ஆரம்ப வாரங்களில் அதே ஏற்றமும் இறக்கமும் இருந்தன. ஒவ்வொரு தடவையும் அழுகிற நேரம்தான் குறைவு.

ஆகவே அழுகையில் இரண்டு பகுதி இருக்கிறது. ஒன்று பசி, ஈரம், வலி என்று காரணத்தை நீக்கினால் தீர்வது. மற்றொன்று எதை நீக்கினாலும் மிஞ்சுவது. தூக்கி வைத்துக்கொள்வதால் அது குறுகலாம், இல்லாமல் போவதில்லை. பதில் இல்லாத ஆட்சேபம் என்று அதைச் சொல்லலாம். தொல்காப்பியம் அழுகைக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஆறு வாரக் குழந்தைக்கு மானம் இல்லை, எனவே இளிவு இல்லை. உடைமை இல்லை, எனவே வறுமை இல்லை. அசைவு என்பது முன்பு இருந்த நிலை கெட்டு வேறொரு நிலைக்கு வந்து வருந்துவது என்று உரை. பிறப்புக்கு அதைப் பொருத்தலாம்தான். ஆனால் அப்படிப் பொருத்துவது நம் இலக்கிய சாமர்த்தியம். பையன் அதைச் சொல்லவில்லை. நம் புலவர்கள் இந்த இடத்தைத் தவிர்த்தே போயிருக்கிறார்கள். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம் உண்டு. செங்கீரை ஆடுகிறது, சப்பாணி கொட்டுகிறது, முத்தம் தருகிறது, நிலாவைக் கூப்பிடுகிறது. தாலப் பருவத்தில் தூங்கவும் வைக்கிறார்கள். அழுகைக்கென்று ஒரு பருவம் இல்லை.

மேற்கே தத்துவவாதிகள் அழுகையை விட்டுவைக்கவில்லை. ஒவ்வொருவரும் அதை ஒரு பிரதிபோல எடுத்துப் படித்தார்கள். அகஸ்டீன் தன் 'ஒப்புதல்க'ளில் பாலுக்காக அழுததுகூடத் தன் பாவக் கணக்கில் சேருமோ என்று விசாரிக்கிறார். சக குழந்தை பால் குடிப்பதைப் பார்த்துப் பேச்சு வராத குழந்தை பொறாமையால் முகம் வெளுத்ததைத் தான் கண்டதாகவும் எழுதுகிறார். அவர் படித்தது பாவம். ரூஸோ 1762ல் 'எமீ'லில் அதே அழுகையில் அரசியல் படித்தார். குழந்தையின் முதல் கண்ணீர் வேண்டுதல், கவனமாக இல்லாவிட்டால் அது கட்டளையாகும் என்பது அவர் எச்சரிக்கை. இந்த எச்சரிக்கையைத் தந்தவர் தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதைக் காப்பகத்தில் விட்டதாகத் தாமே பின்னர் எழுதினார். எந்த ராத்திரியிலும் அவர் அந்தக் கட்டளைக்கு எழுந்திருக்க நேரவில்லை. நடத்தையியல்காரர் ஜான் வாட்ஸன் 1928ல் குழந்தையை அணைக்காதே, முத்தமிடாதே, காலையில் கை குலுக்கு என்று தாய்மார்களுக்குப் புத்தகம் எழுதினார். அழுகைக்குப் பணிந்தால் அழுகையைக் கற்றுக்கொடுத்ததாகும் என்பது அந்தக் கட்சி. 1972ல் மேரி ஐன்ஸ்வொர்த்தும் ஸில்வியா பெல்லும் 26 தாய்–குழந்தை ஜோடிகளை ஒரு வருஷம் கவனித்து எதிர்க்கட்சி கட்டினார்கள். ஆரம்ப மாதங்களில் உடனுக்குடன் பதில் பெற்ற குழந்தைகள் வருஷக் கடைசியில் குறைவாகவே அழுதன என்றார்கள். வாட்ஸன் வழியினர் அதற்கும் ஆட்சேபம் எழுப்பினார்கள்.

நான் ஐன்ஸ்வொர்த் பக்கம். ஆனால் இந்த விவாதத்தில் ஒன்று எனக்கு உறுத்துகிறது. இரண்டு கட்சிக்கும் அளவுகோல் ஒன்றுதான்: எதைச் செய்தால் பின்னால் அழுகை குறையும்? அழுகை குறைவதுதான் லட்சியம் என்பதை இருவருமே விசாரிக்கவில்லை.

ஆடம் ஸ்மித் மட்டும் பார்வையைத் திருப்பினார் என்று நினைக்கிறேன். பொருளாதார நூலுக்கு முன்னால், 1759ல், அற உணர்ச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூலில் நோயுற்ற குழந்தையின் முனகலைக் கேட்கிற தாய் வருகிறாள். குழந்தைக்கு அந்தக் கணத்தின் அசௌகரியம் மட்டும்தான். நாளை பற்றி அதற்குப் பயமில்லை. தாயோ குழந்தையின் இயலாமையோடு அந்த இயலாமையைப் பற்றிய தன் அறிவையும், இனி என்ன ஆகுமோ என்ற தன் கிலியையும் சேர்த்து, குழந்தையிடம் இல்லாத ஒரு பெருந்துயரத்தைத் தன்னுள் கட்டுகிறாள். பிறர் துன்பத்தை உணர்வது என்றால் என்ன என்று காட்ட அவர் தருகிற உதாரணம் இது. எனக்கு வேறொன்றையும் இது காட்டுகிறது. நான் குழந்தையைத் தட்டும்போது தட்டப்படுவதில் பெரும்பகுதி என்னுடையது. அப்படியானால் அழுகை நின்றதும் எனக்கு வருகிற நிம்மதி யாருடைய நிம்மதி?

இதைக் கேட்காமல் விட்டால் எங்கே போய் முடியும் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1849லிருந்து அமெரிக்காவில் 'மிஸஸ் வின்ஸ்லோஸ் ஸூதிங் ஸிரப்' என்று ஒரு மருந்து விற்றது. ஆற்றும் பாகு என்று அர்த்தம். அதில் இருந்தது மார்ஃபின். குழந்தைகள் ஆறின, சில எழுந்திருக்கவே இல்லை. 1911ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் குழந்தைக் கொல்லிகள் என்ற தலைப்பில் சேர்த்தது. இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் 'காட்ஃப்ரேஸ் கார்டியல்' என்ற அபின் கலந்த மருந்து. தாய்மார்கள் ஆலைக்குப் போவதால் குழந்தைகளுக்கு அபின் புகட்டப்படுவதை மார்க்ஸ் 'மூலதன'த்தில் (1867) எடுத்துக்காட்டினார். 1920களில் பம்பாய் ஆலைத் தொழிலாளிகளின் குடியிருப்புகளிலும் இதே வழக்கம் இருந்தது. அந்தத் தாய்மாரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. சங்கு ஊதினால் ஆலைக்குள் இருக்க வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. அபின் கொடுத்த வீட்டிலும் தாலாட்டுப் பாடிய வீட்டிலும் கடைசியில் கிடைத்தது ஒரே மாதிரியான நிசப்தம். வெளியிலிருந்து கேட்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆற்றுவதும் அடக்குவதும் விளைவில் ஒன்று. விளைவை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது என்றால் எதை வைத்துப் பிரிப்பது?

சொல்லப்படுவது உண்மையா பொய்யா என்பதை வைத்துப் பிரிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அதுவும் நிற்கவில்லை. குழந்தை விழுந்தால் தரையை அடிக்கிறோம். தரை ஒரு குற்றமும் செய்யவில்லை. காக்கையைக் காட்டிப் பராக்குக் காட்டுகிறோம். காக்கைக்கும் அழுகைக்கும் சம்பந்தமில்லை. எல்லோரும் சொல்வது 'ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே' என்பது. வாய் திறந்து கண் செருகி முகம் சிவந்து ஒரு ஜீவன் கத்துகிறபோது அதனிடம் ஒன்றுமில்லை என்கிறோம். வாக்கியமாக எடுத்துக்கொண்டால் இதைவிட அப்பட்டமான பொய் இல்லை. ஆனால் பொய் ஏறுவதற்குக் கேட்பவனுக்கு பாஷை தெரிந்திருக்க வேண்டும். குழந்தை கேட்பது வாக்கியத்தை அல்ல. பக்கத்தில் ஒரு குரல் இருக்கிறது என்பதை மட்டும் அது கேட்கிறது. அந்த அளவில் சொல் பொய், குரல் மெய்.

இங்கே என்னைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1983ல், இப்போது தாயாக வந்திருந்த என் மகள் கைக்குழந்தையாக இருந்த வருஷம், ஒரு சிறுபத்திரிகையில் கட்டுரை எழுதினேன். முந்நூறு பிரதி அச்சான பத்திரிகை. வாரப் பத்திரிகைக் கதைகளைத் தாக்கிய கட்டுரை. அந்தக் கதைகள் தாலாட்டு, வாசகன் தொட்டில் குழந்தை, எழுத்தாளனுக்குத் தெரிந்தது ஆட்டிவிடுவது, இலக்கியம் உலுக்கி எழுப்புவது என்பது அதன் சாரம். நண்பர்கள் பாராட்டினார்கள். 'தாலாட்டு' என்பதை எங்கள் வட்டத்தில் கொஞ்ச காலம் வசைச் சொல்லாகப் பயன்படுத்தினோம். கதைகளைப் பற்றி நான் சொன்னதில் இன்றும் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. தாலாட்டைப் பற்றிச் சொன்னது தப்பு. நான் தாலாட்டைக் கேட்டதே இல்லை.

லோர்க்கா கேட்டிருக்கிறார். 1928ல் மத்ரீதில் ஸ்பானியத் தாலாட்டுகளைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். தன் நாட்டுப் பெண்கள் குழந்தையைத் தூங்க வைக்க மிகத் துயரமான ராகங்களையும் சொற்களையும் தேர்ந்தெடுப்பதைக் கண்டு அவர் ஆச்சரியப்பட்டார். பிஞ்சு உயிரிடம் இதையெல்லாம் ஏன் பாட வேண்டும்? வேலை செய்து ஓய்ந்த ஏழைப் பெண்ணுக்குக் குழந்தை ஒரு சுமையும்தான், அதை அவள் பாட்டில் சொல்லாமலிருக்க முடியவில்லை என்பது அவர் கண்டது. நம்மிடமும் இதுதான். அழும் குழந்தையை யார் அடித்தது என்று மாமன், அத்தை, பாட்டி என்று ஒவ்வொருவராக விசாரிப்பது, தங்கத் தொட்டில், சீர் கொண்டுவரும் மாமன் இவையெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேலும் பாடிக்கொண்டே போகிறவர்கள், குழந்தை கண்ணயர்ந்த பிறகும் நிறுத்தாதவர்கள், மழை பெய்யாத காட்டையும், சீர் அனுப்பாத பிறந்த வீட்டையும், புருஷனையும் பாடுகிறார்கள். ராகம் குழந்தைக்கு, சொல் அவளுக்கு. இதே பெண்கள்தான் ஒப்பாரியும் வைக்கிறார்கள். இரண்டின் அச்சும் ஏறக்குறைய ஒன்று. ஆராரோ என்பதை 'யார் யாரோ' என்று பொருள் கொள்கிற வழக்கமும் ஜனங்களிடம் இருக்கிறது. நீ யாரோ, நான் யாரோ. மொழி நூல் இதை ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம். குழந்தையை ஆட்டிக்கொண்டே இப்படி ஒரு பொருளை நினைக்கத் தோன்றியிருக்கிறது என்பதே போதும்.

வாரப் பத்திரிகைக் கதை துயரத்துக்குத் தீர்வு இருக்கிறது என்கிறது. கடைசிப் பத்தியில் அதைக் கொண்டும் வந்துவிடுகிறது. தாலாட்டு அப்படிச் சொல்லவில்லை. துயரத்தைச் சொல்லிக்கொண்டே தொட்டிலை ஆட்டுகிறது. என் கட்டுரையில் இரண்டையும் ஒன்றாக்கினேன். வாசகனை உலுக்கி எழுப்ப வேண்டும் என்றும் எழுதினேன். உலுக்குவது என்ற சொல்லை எவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறேன்.

அந்த ஆறாவது வாரத்து ராத்திரிக்கு வருகிறேன். மகள் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. மனைவிக்கு முழங்கால் வலி. நான் வாங்கிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு மணி நேரம் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு பட்டாசலில் நடந்தேன். (தாய் தூக்கிக்கொண்டு நடக்கும்போது குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று ஜப்பானியர்கள் 2013ல் எழுதினார்கள். ஐந்து நிமிஷம் நடந்து, தூங்கியதும் ஐந்திலிருந்து எட்டு நிமிஷம் மடியில் வைத்திருந்து கிடத்த வேண்டும் என்று 2022ல் கணக்கும் கொடுத்தார்கள். அன்றைக்கு அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பையனுக்குத் தெரியாது.) முதல் அரைமணி எனக்குப் பெருமையாக இருந்தது. என் வயதில் இதைச் செய்கிறேனே என்று. அடுத்த அரைமணி கவலை. அதற்குப் பிறகு வந்தது வேறு. நான் இவ்வளவு செய்தும் இவன் நிறுத்தவில்லை என்ற எண்ணம். அவன் எனக்கு எதிராக அழுவதுபோல ஓர் எண்ணம். ரூஸோவின் கட்டளை. அகஸ்டீனின் பாவம். இரண்டையும் நான் ஒரு மணி நேரத்துக்குள் சுயமாகவே கண்டுபிடித்துவிட்டேன். தட்டிக்கொண்டிருந்த கை கொஞ்சம் பலமாகத் தட்டுவதைப் பார்த்தேன். அவன் விலாவைப் பிடித்திருந்த மற்றக் கை இறுகியிருந்தது. உலுக்கினால் நிறுத்துவான் என்று எனக்குள் ஒரு குரல் மிக நிதானமாகச் சொன்னது.

நான் மிகைப்படுத்தவில்லை. ஆத்திரத்தில் உலுக்கப்பட்ட குழந்தைகளுக்கு மூளையில் ரத்தம் கசிந்து பார்வை போவதும் உயிர் போவதும் மருத்துவம் அறிந்த உண்மைகள். அப்படி உலுக்கியவர்கள் பெரும்பாலும் அழுகையை நிறுத்தத்தான் உலுக்கினார்கள். கொடுமைக்காரன் என்ற தனி ஜாதி அங்கே தேவைப்படவில்லை. ஆற்றுவதற்காகத் தூக்கிய அதே கை போதும்.

பையனைத் தொட்டிலில் கிடத்தினேன். அவன் கத்திக்கொண்டிருந்தான். புறவாசல் கதவைத் திறந்து வெளியே போய்க் கிணற்றடியில் நின்றேன். அழுகை அங்கும் கேட்டது. பத்து நிமிஷம் இருக்கலாம். கை நடுங்குவது நின்றதும் உள்ளே போய் மறுபடி தூக்கினேன். அவன் அப்போதும் அழுகையை நிறுத்தவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. அதுதான் வித்தியாசம். அதுவரை நடந்தது அவன் நிறுத்த வேண்டும் என்பதற்காக. இப்போது நடந்தது அவன் அழுகிறான் என்பதற்காக. எப்போது தூங்கினான் என்று நான் கவனிக்கவில்லை.

ஆற்றுவதற்கும் அடக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நிசப்தம் கிடைக்காவிட்டாலும் நான் அங்கே இருப்பேனா என்பதுதான் சோதனை. அபினுக்கு இந்தச் சோதனை கிடையாது. நிறுத்தாவிட்டால் அது மருந்தே இல்லை. இருக்க முடியாத அளவுக்கு என்னிடம் ஆத்திரம் இருந்தால் கிடத்திவிட்டுப் போக வேண்டும், போனவன் திரும்ப வேண்டும். வின்னிகாட் என்ற ஆங்கிலேய மனோதத்துவ மருத்துவர் 1947ல் வாசித்த ஒரு கட்டுரையில் தாய் தன் குழந்தையை வெறுப்பதற்கான காரணங்களை வரிசையாக அடுக்குகிறார். தாய்மையைத் தூற்றுவதற்காக அல்ல. அவ்வளவு வெறுப்பையும் தாங்கிக்கொண்டு, அதைக் குழந்தையிடம் காட்டாமல், கைம்மாறு வருமோ வராதோ என்று காத்திருக்க முடிவதே அவளிடம் ஆச்சரியம் என்கிறார். வெறுப்பு இல்லாதவர்களின் கருணை எப்படிப்பட்டதோ எனக்குத் தெரியாது. இருப்பவர்களின் கருணைக்குத்தான் தொட்டிலும் கிணற்றடியும் தேவைப்படுகின்றன.

மறுநாள் காலையில் மனைவியிடம் சொன்னேன். சொல்லச் சங்கடமாக இருந்தது. அழுகிற பிள்ளையைப் போட்டுவிட்டு வெளியே போனேன் என்பதை ஒரு குற்ற ஒப்புதல்போலத்தான் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நானும் அப்படித்தான் செய்வேன். இவ அழுத அழுகைக்கு என்னைக்காவது தூக்கி எறிஞ்சிருவேனோன்னு பயமா இருக்கும். தொட்டில்ல போட்டுட்டு அடுப்படிக்குப் போயிருவேன். ஆட்டுரலைப் பிடிச்சுக்கிட்டு நூறு எண்ணுவேன். அப்பப் பார்த்துத்தான் நீங்க கதவைத் திறந்துக்கிட்டு வந்து சத்தம் போடுவீங்க."

எனக்கு ஞாபகம் இருந்தது. 1983, வாடகை வீடு, முன்னறை. நான் எழுத உட்கார்ந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன். குழந்தை அழுதால் கொஞ்ச நேரம் பொறுப்பேன். பிறகு கதவைத் திறந்து, தொட்டில் பக்கத்தில் யாரும் இல்லாததைப் பார்த்து, பிள்ளையைக் கதறவிட்டுவிட்டு அங்கே என்னதான் செய்கிறாய் என்று அடுப்படியைப் பார்த்துக் கத்துவேன். அவள் வந்து தூக்கிக்கொள்வாள். ஒரு பதிலும் சொன்னதில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவேன். தாலாட்டைப் பற்றிய கட்டுரையும் அந்த அறையில் எழுதியதுதான். அவள் தன் கையிலிருந்து குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நிமிஷங்களை நான் அவளுடைய அசிரத்தை என்று படித்திருக்கிறேன். ஒரு அழுகையை வைத்து நான் செய்த விமர்சனம் அது.

சம்பந்தர் கதை கவிஞர்களுக்குப் பிடித்த கதை. சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுக் குழந்தை அழுகிறது, உமை பொற்கிண்ணத்தில் பால் தருகிறாள், அழுகை பாட்டாகிறது. அழுகையிலிருந்து கவிதை பிறந்ததற்கு நம்மிடம் இருக்கிற பெரிய சாட்சி என்று நானும் பேசியிருக்கிறேன். அந்தக் கதையில் அப்பாவும் ஒருவர் இருக்கிறார். குழந்தை அழுதது பாலுக்காக அல்ல, அவரைக் காணாமல். அவர் நீருக்குள் மூழ்கி மந்திரம் ஜபித்துக்கொண்டிருந்தார். நல்ல காரியம்தான். நீருக்குள் அழுகை கேட்காது. கரையேறியதும் அவர் செய்தது, யார் கொடுத்த பாலைக் குடித்தாய் என்று கோலை ஓங்கியது.

மனைவி கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவள் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. சமாதானம் என்ற சொல்லுக்கு இருக்கிற மூன்று அர்த்தத்தில் எதுவும் என்னிடம் இல்லை. உள்ளே பையன் சிணுங்க ஆரம்பித்தான். போய்த் தூக்கினேன்.